ஏடிஆரா, ஏர்பஸ்ஸா? கையில் 200 மணி நேரம், தலையில் 60 லட்சம் கடன்... புது பைலட்டுகள் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ முடித்த பிள்ளை "பைலட் ஆகணும்" என்று சொன்னால், பத்து வருஷத்துக்கு முன்பு நெல்லைப் பக்கத்து வீடுகளில் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. "எவ்வளவு ஆகும்லே?" என்றுதான் கேட்கிறார்கள்.

கேள்வி மாறியதற்குக் காரணம் இருக்கிறது. கோரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடையில் இருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, வாகைக்குளத்தில் இருக்கிறது தூத்துக்குடி விமான நிலையம். 2025 ஜூலை 26-ல் பிரதமர் மோடி அங்கே சுமார் 450 கோடி ரூபாயில் கட்டிய புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும் சின்ன விமானங்கள் மட்டும் வந்துபோன இடத்தில், ஏ321 போன்ற பெரிய ஜெட் விமானம் இறங்கவும் வசதி வந்துவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு செய்தி. பைலட்டுகளின் ஓய்வு நேர விதி கடுமையானதும், இண்டிகோ நிறுவனம் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. டிவியில் அதைப் பார்த்த பெற்றோர் பலருக்கும் தோன்றியது ஒன்றுதான்: "பைலட்டுக்கு இவ்வளவு தட்டுப்பாடா? அப்போ படிச்சு முடிச்சா வேலை நிச்சயம்தானே?"

நிச்சயமா? அந்த வேலை எந்த விமானத்தில், எந்த நிறுவனத்தில்? சின்ன ஊர்களை இணைக்கும் பிராந்திய விமான நிறுவனத்தில் வாய்ப்பு வந்தால் சேரலாமா, பெரிய ஜெட் கிடைக்கும்வரை காத்திருக்கலாமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பைலட் ஆக என்ன வேண்டும்?

பயணிகள் விமானத்தில் சம்பளத்துக்குப் பறக்க வேண்டுமானால் 'கமர்ஷியல் பைலட் லைசன்ஸ்' வேண்டும். சுருக்கமாக சிபிஎல். இதைத் தருவது டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்.

18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். இந்தப் பாடங்கள் இல்லாத குரூப் எடுத்தவர்கள், தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டை மட்டும் தனியாக எழுதிப் பாஸ் செய்கிறார்கள். இந்த நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி 2025-ல் பேச்சு எழுந்தது. ஆனால் விதி மாறியது என்று அரசாணை கையில் வராதவரை அதை நம்பி இறங்க முடியாது.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. முதலில் 'கிளாஸ் 2', பிறகு 'கிளாஸ் 1'. வான்வழி கண்டறிதல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் என எழுத்துத் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம். அது முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது, புதிய விமானச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின் டிஜிசிஏ பக்கம் மாறியிருக்கிறது.

இதற்கெல்லாம் மேல் 200 மணி நேரப் பறப்பு. அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும்.

லைசன்ஸ் கைக்கு வந்தாலும் விமான நிறுவனத்தின் காக்பிட்டுக்குள் நேராகப் போய் உட்கார முடியாது. எந்த ரக விமானத்தை ஓட்டப் போகிறோமோ அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி எடுக்க வேண்டும். இதன் பெயர் 'டைப் ரேட்டிங்'. ஏடிஆர் விமானத்துக்கு எடுத்தால் அது ஏடிஆருக்கு மட்டும்தான். நாளைக்கு ஏர்பஸ் ஓட்ட வேண்டுமென்றால் மறுபடியும் முதலில் இருந்து இன்னொரு டைப் ரேட்டிங். இந்த ஒரு விதிதான் புது பைலட்டுகளின் மொத்தக் குழப்பத்துக்கும் மையம்.

எவ்வளவு செலவு? கடன் எப்படி?

சிபிஎல் படிப்புக்கு மட்டும் பள்ளியைப் பொறுத்து 40 லட்சத்தில் இருந்து 60 லட்சம்வரை ஆகிறது. டைப் ரேட்டிங்குக்கு அதற்கு மேல் பத்துப் பதினைந்து லட்சமாவது வேண்டும். பெரிய நிறுவனங்கள் நடத்தும் 'கேடட் பைலட்' திட்டத்தில் சேர்ந்தால் மொத்தத்தில் ஒரு கோடியை ஒட்டியோ தாண்டியோ போகிறது.

பாய் நெசவிலோ, வயலிலோ, வளைகுடா வேலையிலோ வரும் வருமானத்தில் இந்தத் தொகையைப் புரட்டுவது நடக்காத காரியம். அதனால் வங்கிக் கடன்தான் வழி. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், டிஜிசிஏ ஒப்புதல் பெற்ற பைலட் பயிற்சியும் சேரும். ஆனால் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் அடமானம் கேட்பார்கள். நடைமுறையில் அது வீட்டுப் பத்திரம் அல்லது நிலப் பத்திரம்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 60 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 15 வருஷம். மாதத் தவணை சுமார் 64,500 ரூபாய் வரும். 15 வருஷம் முடியும்போது வங்கிக்குக் கட்டியிருப்பது கிட்டத்தட்ட 1 கோடியே 16 லட்சம்.

படிக்கும் காலத்துக்கும் அதன்பிறகு ஒரு வருஷத்துக்கும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி அந்த நாட்களிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 60 லட்சத்துக்கு மாதம் 50,000 ரூபாய் வட்டி. 'நல்ல வேலை வரட்டும்' என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் இதுதான் விலை.

அமெரிக்கக் கதை இங்கே பொருந்துமா?

யூடியூபில் பைலட் வேலை பற்றித் தேடினால் பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்கள்தான் வரும். அதில் ஒரு ஏணி காட்டுவார்கள்: முதலில் பயிற்றுநர், பிறகு பிராந்திய நிறுவனம், பிறகு பெரிய நிறுவனம்.

அந்த ஏணிக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2009 பிப்ரவரி 12-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். பைலட்டுகளின் பயிற்சி, களைப்பு, குறைந்த சம்பளம் எல்லாமே விசாரணையில் பேசப்பட்டன. அதன்பின் அமெரிக்கா சட்டம் போட்டது. 2013 முதல் அங்கே துணை பைலட்டாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதனால்தான் புதியவர்கள் பயிற்றுநராக இருந்து மணி நேரம் சேர்த்து, பிராந்திய நிறுவனம் வழியாக மேலே ஏறுகிறார்கள்.

இந்தியாவில் அப்படி இல்லை. 200 மணி நேரமும் டைப் ரேட்டிங்கும் இருந்தால், 180 பேர் உட்காரும் ஏ320 விமானத்தில் நேராகத் துணை பைலட்டாகச் சேர விதி அனுமதிக்கிறது. அதாவது இங்கே பிராந்திய நிறுவனம் என்பது எல்லோரும் ஏறியாக வேண்டிய படி கிடையாது. அது ஒரு தனிப் பாதை. 'முதலில் சின்னது, பிறகு தானாகப் பெரியது' என்று நம்பி இறங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஏடிஆரில் இருந்து ஏர்பஸ்ஸுக்கு மாறுவது தானாக நடக்காது. புதிய டைப் ரேட்டிங், புதிய தேர்வு, சில நேரம் புதிய செலவு, எல்லாம் சேர்ந்துதான் நடக்கும்.

இந்தியாவில் பிராந்திய நிறுவனங்கள் யார் யார்?

அரசுக்குச் சொந்தமான அலையன்ஸ் ஏர். ஏர் இந்தியாவை டாடா வாங்கியபோது இது விற்பனையில் சேரவில்லை, அரசிடமே தங்கிவிட்டது. 2019-ல் பறக்கத் தொடங்கிய ஸ்டார் ஏர், எம்ப்ரேயர் ஜெட் வைத்திருக்கிறது. 2024 மார்ச்சில் கோவாவைத் தளமாக வைத்துத் தொடங்கிய ஃபிளை91, ஏடிஆர் 72 ஓட்டுகிறது. ஒடிசா பக்கம் இந்தியாஒன் ஏர், ஒற்றை எஞ்சின் செஸ்னா விமானங்களை இயக்குகிறது.

இவற்றோடு இண்டிகோவையும் சேர்க்க வேண்டும். 2017 இறுதியில் இருந்து அந்த நிறுவனமும் 78 இருக்கை ஏடிஆர் 72 விமானங்களை ஓட்டுகிறது. சென்னையில் இருந்து தூத்துக்குடிக்கு வந்துபோகும் காற்றாடி விமானம் அதுதான். இது ஒரு முக்கியமான வித்தியாசம். பெரிய நிறுவனத்துக்குள்ளேயே ஏடிஆர் பிரிவில் சேருபவருக்கும், ஏடிஆர் மட்டுமே வைத்திருக்கும் சின்ன நிறுவனத்தில் சேருபவருக்கும் ஓட்டும் விமானம் ஒன்றுதான். ஆனால் நிறுவனம் தள்ளாடினால் விளைவு ஒன்றாக இருக்காது.

சின்ன விமானத்தில் என்ன லாபம்?

முதல் லாபம், கையில் பிடிபடும் அனுபவம். பிராந்திய விமானம் ஒரு மணி நேரத் தூரத்துக்குள்தான் பெரும்பாலும் பறக்கும். ஒரே நாளில் நாலு முறை ஏறி நாலு முறை இறங்க வேண்டியிருக்கும். நீண்ட தூர ஜெட்டில் வேலை பார்ப்பவருக்கு மாதத்தில் சில தரையிறக்கங்கள்தான் கிடைக்கும். மழைக்காலத்தில், வசதி குறைந்த சின்ன ஓடுபாதைகளில் இறங்கிப் பழகியவரின் கை வேறு மாதிரி இருக்கும் என்பது விமானத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

இரண்டாவது, மணி நேரம். இந்தியாவில் ஒரு பைலட் வருஷத்துக்கு அதிகபட்சம் 1,000 மணி நேரம் பறக்கலாம். 700 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 200-ல் தொடங்குபவர் இரண்டு வருஷத்துக்குள் 1,500-ஐத் தொட்டுவிடுவார். கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் என்ற உயர் உரிமத்துக்கு அடிப்படை நிபந்தனை அந்த 1,500 மணி நேரமும் 21 வயதும்தான். அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு அளவு வைத்திருக்கும்.

மூன்றாவது, கேப்டன் இருக்கை. சின்ன நிறுவனத்தில் முன்னால் வரிசையில் நிற்பவர்கள் குறைவு. அனுபவம் சேர்ந்தவர்கள் ஜெட்டுக்குத் தாவிக்கொண்டே இருப்பார்கள். அதனால் இடது பக்க இருக்கை சீக்கிரம் காலியாகும்.

என்ன ஆபத்து?

நிறுவனமே இல்லாமல் போவதுதான் பெரிய ஆபத்து. தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. சென்னையைத் தளமாகக் கொண்டு 2005-ல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 2010-ல் நின்றது. கோவையில் இருந்து 2016-ல் ஏடிஆருடன் கிளம்பிய ஏர் கார்னிவல் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே 2018 மார்ச்சில் விமானம் விட்ட ட்ரூஜெட், 2022-ல் மொத்தமாகவே நின்றுபோனது. சேலத்துக்கு மறுபடி விமானம் வர 2023 அக்டோபர் ஆனது.

ஏன் இப்படி ஆகிறது? சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு 'உடான்' திட்டத்தைக் கொண்டுவந்தது. 2017 ஏப்ரல் 27-ல் சிம்லா - டெல்லி விமானத்தோடு அது தொடங்கியது. பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு வைத்து, அதில் ஏற்படும் நஷ்டத்தை அரசு ஈடுகட்டும். ஆனால் அந்த உதவி ஒரு வழித்தடத்துக்கு மூன்று வருஷம்தான்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை 2023 ஆகஸ்டில் வெளியான சிஏஜி அறிக்கை சொல்கிறது. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் 112 மட்டுமே மூன்று வருஷத்தை முழுதாக முடித்தன. அதையும் தாண்டி 2023 மார்ச் வரை ஓடிக்கொண்டிருந்தவை 54.

பயணிக்கு இது 'நம்ம ஊர் பிளேன் நின்னுபோச்சு' என்ற வருத்தம். அந்த வழித்தடத்தை நம்பி வேலைக்குச் சேர்ந்த பைலட்டுக்கு இது தவணை கட்ட முடியாத மாதம்.

அப்படியானால் பெரிய நிறுவனம் பாதுகாப்பா?

அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் கடைசி விமானத்தை இயக்கியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3-ல் பறப்பதை நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் உள்ள பைலட்டுகள் வேலை தேடி வெளியே வந்தார்கள். 200 மணி நேரக்காரர் அவர்களோடு அதே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

நிறுவனம் நன்றாக இருந்தாலும் விமானம் வந்து சேராமல் போகலாம். போயிங் டெலிவரி தாமதமானதால், ஆகாசா ஏர் வேலைக்கு எடுத்த நூற்றுக்கணக்கான பைலட்டுகள் பறக்காமல் காத்திருந்தது 2025-ல் செய்தியானது. பைலட் சம்பளத்தில் ஒரு பகுதி பறக்கும் மணி நேரத்தைப் பொறுத்தது. வேலை இருந்தும் பறக்காவிட்டால் கைக்கு வருவது குறையும், லாக் புக்கிலும் எதுவும் ஏறாது.

'30,000 பைலட் தேவை' என்கிறார்களே?

அடுத்த 15, 20 வருஷத்தில் இந்தியாவுக்கு 30,000 பைலட்டுகள் தேவைப்படுவார்கள் என்று விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடு 2025-ல் சொன்னார். இது வெறும் பேச்சு அல்ல. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்குவதாக அறிவித்தது. அதே ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதன்மேல் புதிய ஓய்வு விதி வேறு வந்திருக்கிறது. வார ஓய்வு 36 மணி நேரத்தில் இருந்து 48 ஆனது, இரவுத் தரையிறக்கம் ஆறில் இருந்து இரண்டாகக் குறைந்தது. அதே விமானங்களை ஓட்டக் கூடுதல் ஆட்கள் வேண்டும்.

ஆனால் இந்தத் தேவையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுவனங்களுக்கு உடனடியாக வேண்டியது கேப்டன்கள். துணை பைலட் இருக்கைக்கு வரிசை எப்போதும் நீளம்தான். 2023-ல் மட்டும் டிஜிசிஏ 1,600-க்கும் மேற்பட்ட சிபிஎல் கொடுத்தது. 2024-ல் 1,300-ஐத் தாண்டியது. விமானங்களோ ஒரே நாளில் வருவதில்லை, வருஷக்கணக்கில் பிரிந்துதான் வருகின்றன. ஒரு விமானம் தாமதமானால் அதற்கான பைலட் வேலையும் தாமதமாகும். 20 வருஷத்துக் கணக்கை வைத்து இந்த வருஷத் தவணையைக் கட்ட முடியாது.

சேரலாமா, காத்திருக்கலாமா?

இதற்கும் ஒரு உதாரணக் கணக்கு. ஒருவருக்கு ஏடிஆர் நிறுவனத்தில் இன்றைக்கே வேலை கிடைக்கிறது. கைக்கு மாதம் 1 லட்சம் வரும் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் 18 மாதம் காத்திருந்து, அதைவிட 50,000 ரூபாய் கூடுதலாகத் தரும் ஜெட் வேலையில் சேருகிறார்.

காத்திருந்தவர் இழந்த சம்பளம் 18 லட்சம். கூடுதலாக வரும் 50,000-ஐ வைத்து அதை ஈடுகட்ட 36 மாதம் வேண்டும். அதாவது இரண்டு பேரின் வருமானமும் சமமாக, தொடக்கத்தில் இருந்து நாலரை வருஷம் ஆகும். அதற்குள் ஏடிஆரில் சேர்ந்தவர், வருஷம் 700 மணி நேரக் கணக்கில், மூவாயிரத்தைத் தாண்டியிருப்பார். கேப்டன் ஆகும் தூரத்தில் இருப்பார்.

காத்திருப்பதற்கு இன்னொரு செலவும் உண்டு. லைசன்ஸ் 10 வருஷம் செல்லும் என்றாலும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியையும் கிளாஸ் 1 மருத்துவச் சான்றிதழையும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பறக்காமல் உட்கார்ந்திருப்பவர் சொந்தக் காசில் விமானம் எடுத்துப் பறந்து காட்டித்தான் தகுதியைக் காப்பாற்ற முடியும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் ஏடிஆர் பக்கம்தான் தராசு சாயும். ஆனால் அது ஒரே ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது: நிறுவனம் அந்த நாலரை வருஷமும் உயிரோடு இருக்க வேண்டும். அது ஒரே வருஷத்தில் நின்றுவிட்டால், ஏடிஆர் ரேட்டிங்கோடும் சுமார் 900 மணி நேரத்தோடும் வெளியே நிற்க வேண்டியிருக்கும். அந்த ரேட்டிங்கை எடுத்துக்கொள்ள நாட்டில் இரண்டு மூன்று நிறுவனங்கள்தான் உண்டு. அதிலும் டைப் ரேட்டிங்கைச் சொந்தக் கடனில் எடுத்திருந்தால் அடி இரட்டிப்பு.

ஆகவே முடிவை மாற்றக்கூடிய கேள்வி 'சின்ன விமானமா, பெரிய விமானமா' என்பது இல்லை. டைப் ரேட்டிங் செலவை யார் ஏற்கிறார்கள்? நிறுவனம் ஏற்றுக்கொண்டு பாண்ட் போட்டால், பிராந்திய வேலையில் சேருவதில் பெரிய நஷ்டம் வராது. வேலைக்கான கடிதமே இல்லாமல் 'ரேட்டிங் எடுத்து வையுங்க, எடுத்துக்குவாங்க' என்று யாராவது சொன்னால், அது ஏடிஆராக இருந்தாலும் சரி, ஏர்பஸ்ஸாக இருந்தாலும் சரி, ஆபத்துதான். ஏ320 ரேட்டிங்கோடு வேலை இல்லாமல் இருப்பவர்கள் இந்த நாட்டில் எப்போதும் உண்டு.

ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பாண்ட் எத்தனை வருஷம், முன்கூட்டியே விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அந்தத் தொகை வருஷத்துக்கு வருஷம் குறையுமா என்று பார்க்க வேண்டும். நிறுவனமே மூடினால் பாண்ட் என்ன ஆகும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பறக்காத மாதத்துக்கு நிலையான சம்பளம் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. தவணை 64,500 என்றால், அந்த நிலையான தொகை அதற்குக் கீழே போகக் கூடாது.

விலகுவதற்கும் விதி இருக்கிறது. டிஜிசிஏ 2017-ல் கொண்டுவந்த விதிப்படி துணை பைலட் 6 மாதமும், கேப்டன் 12 மாதமும் முன்னறிவிப்புக் காலம் வேலை பார்க்க வேண்டும். ஏர்பஸ் வாய்ப்பு வந்த அடுத்த வாரமே கிளம்பிவிட முடியாது.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. முதல் வழி, பயிற்றுநர் ஆவது. சிபிஎல் முடித்தவர் கூடுதல் பயிற்சி எடுத்துப் பயிற்சிப் பள்ளியிலேயே வேலைக்குச் சேரலாம். சம்பளம் குறைவு, ஆனால் மணி நேரம் ஏறும், தகுதியும் காலாவதி ஆகாது. சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளிக்கு 2022-ல் இடம் ஒதுக்கினார்கள். நெல்லைக்குப் பக்கத்தில் கோவில்பட்டியில் இருக்கும் பழைய ஓடுபாதையில் பயிற்சி மையம் கொண்டுவர டிட்கோ முயற்சி எடுத்திருக்கிறது. பள்ளிகள் கூடினால் பயிற்றுநர் வேலையும் கூடும்.

இரண்டாவது வழி, வீட்டுப் பத்திரத்தைத் தொடவே தேவையில்லாதது: விமானப்படை. பதினாறரை வயதில் இருந்து பத்தொன்பதரை வயதுவரை என்டிஏ தேர்வு எழுதலாம். 2022 முதல் பெண்களும் சேருகிறார்கள். பட்டம் முடித்தவர்களுக்கு அஃப்கேட் தேர்வு இருக்கிறது. பறக்கும் பிரிவில் குறுகிய காலப் பணி 14 வருஷம். பயிற்சிச் செலவு முழுக்க அரசுடையது. முடித்து வெளியே வரும்போது விமான நிறுவனங்களில் மதிப்பும் தனி. ஆனால் அது வேலை மட்டும் இல்லை, ராணுவ வாழ்க்கை. அதற்குத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பாதை.

மூன்றாவது, கைவசம் ஒரு பட்டம். பைலட் பயிற்சியோடு தொலைநிலைக் கல்வியில் ஒரு டிகிரி முடித்து வைத்தால், காத்திருக்கும் காலத்தில் வேறு வேலை பார்க்க வழி இருக்கும். இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பி.எஸ்சி. அல்லது இன்ஜினியரிங் படித்தவர்கள், விமான நிலைய ஆணையத்தின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கான தேர்வையும் எழுதலாம்.

பணம் கட்டும் முன்பு...

வரிசை முக்கியம். முதலில் மருத்துவப் பரிசோதனை. கிளாஸ் 2 முடிந்ததும் கிளாஸ் 1-ஐயும் முடித்துவிட வேண்டும். கண்ணாடி போட்டிருப்பது தடை இல்லை. ஆனால் நிறக்குருடு போன்ற பிரச்சினை 30 லட்சம் கட்டிய பிறகு தெரியவந்தால் அந்தப் பணம் திரும்பாது.

இரண்டாவது, பணம் கட்டாமலே எழுதக்கூடிய தேர்வுகள். எழுத்துத் தேர்வுகளில் இரண்டையாவது முன்கூட்டியே எழுதிப் பார்த்தால், இந்தப் படிப்பு தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி நுழைவுத் தேர்வையும் முயற்சி செய்யலாம்.

மூன்றாவது, பள்ளி. டிஜிசிஏ 2025 அக்டோபர் முதல் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை போடுகிறது. முதல் பட்டியலில் ஒரு பள்ளிகூட 'ஏ' பிரிவுக்கு வரவில்லை. எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறது, எத்தனை பயிற்றுநர், ஒரு மாணவர் 200 மணி நேரம் முடிக்க உண்மையில் எத்தனை மாதம் ஆகிறது என்று அங்கே படிக்கும் மாணவர்களிடமே நேரில் கேட்க வேண்டும். ஒரே தவணையில் முழுப் பணத்தையும் கேட்கும் பள்ளியாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

கடைசியாக, வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு விஷயம். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் வேலை இல்லாமல் இருந்தால் வட்டியை யார் கட்டுவது? "அதெல்லாம் கிடைச்சிரும்லா" என்பது இதற்குப் பதில் ஆகாது. கட்டப்போவது அண்ணனா, அத்தானா, வாப்பாவின் சேமிப்பா, எத்தனை மாதத்துக்கு என்று பெயரும் தொகையும் சொல்ல முடிந்தால் இறங்கலாம். அப்படிச் சொல்ல முடியாத வீட்டில், பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப்போகும் முன்பு என்டிஏ விண்ணப்பத்தையும் உரான் அகாடமி விண்ணப்பத்தையும் ஒரு முறை நிரப்பிப் பார்த்துவிடுவது நல்லது.